கற்பனையும் கட்டளையும்: கொழும்பிற் கிறித்தவ ஒழுக்கநெறியும் அரச சட்டமும்

கொழும்பு நகரின் வடபாலிலே, நடந்தே சென்று காணக்கூடிய சிறு நிலப்பரப்பினுள், கிறித்தவத்தின் வரலாற்றோடு தொடர்புடைய மூன்று இடங்கள் உள்ளன. ஒன்று, 1749இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வொல்வெண்டால் குன்றின் ஒல்லாந்தத் தேவாலயம். மற்றொன்று, கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம். மூன்றாவது வழிபாட்டிடமன்று. 1656ஆம் ஆண்டுக் கொழும்பு முற்றுகையில் உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்வ்ற் என்பவரின் பெயரைத் தாங்கியதும், தமிழர் வழக்கிற் புதுக்கடை எனப்படுவதுமான நீதிமன்ற வளாகமே அது. அரசின் ஆதரவோடு நின்ற ஆலயம், அரசின் தடையை மீறி வளர்ந்த வழிபாடு, இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் நீதிமன்றம் என இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒரு வினா எழும். சமயம் மனிதனின் உள்ளத்துக்குக் கூறும் நெறி அரசின் தண்டனைச் சட்டமாக மாறும்போது அந்நெறிக்கு யாது நேர்கின்றது என்பதே அவ்வினா.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஈழத்து வரலாற்றில் ஒல்லாந்தர் காலம் போன்று ஏற்ற களம் பிறிதில்லை எனலாம். ஏறத்தாழ நூற்றுநாற்பது ஆண்டுகள் ஒரு வணிகக் கொம்பனி தன் ஆட்சிக்குட்பட்ட கரையோர மக்களின் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பள்ளிக்கூட வரவையும் சட்டத்தால் ஒழுங்குபடுத்திற்று. அச்சட்டம் நீங்கியபின் எஞ்சியது யாது, நீங்கியது யாது என்பவற்றை ஆராய்வது சமய வரலாற்று மாணவர்க்கு மட்டுமன்றிச் சட்ட மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

கற்பனை என்னுஞ் சொல்

மோசே வழிவந்த பத்து விதிகளைத் தமிழ்க் கிறித்தவர் நெடுங்காலமாகப் பத்துக் கற்பனைகள் என்றே வழங்கி வந்துள்ளனர். கற்பித்தல் என்னும் வினையோடு உறவுடைய இச்சொல் ஆணையையும் போதனையையும் ஒருங்கே சுட்டுவது. பிற்காலத்திற் புனைவு என்னும் பொருள் இச்சொல்லில் மேலோங்கியமையால் கட்டளை என்னுஞ் சொல் அதன் இடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டது. எனினும் பழைய சொல்லே பொருளாழம் மிக்கது. கட்டளை கீழ்ப்படிதலை வேண்டுவது. கற்பனையோ கற்றுக்கொள்ளுதலையும் வேண்டுவது.

கிறித்தவ சமயத்தின் தொடக்க காலத்திலேயே சமய விதிகளைப் பற்றிய விவாதம் தோன்றிற்று. யூதரல்லாதார் இயேசுவின் நெறியிற் சேரும்போது விருத்தசேதனம் முதலிய மோசேயின் விதிகளையும் மேற்கொள்ள வேண்டுமா என்பதே ஏறத்தாழக் கி.பி. 50இல் எருசலேமிற் கூடிய திருத்தூதர் சங்கத்தின் முன்னிருந்த சிக்கலாகும். அச்சுமையை அவர்கள்மேல் ஏற்றுதல் தகாது என்பதே அச்சங்கத்தின் தீர்வு. பின்னர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவினாஸ் பழைய ஏற்பாட்டு விதிகளை ஒழுக்க விதி, சடங்கு விதி, நீதிமுறை விதி என மூவகைப்படுத்தினார். சடங்கு விதியும் நீதிமுறை விதியும் காலத்தோடு கழிந்தன, ஒழுக்க விதியே எக்காலத்தும் நிலைப்பது என்பது அவர்தம் கொள்கை. இம்மூவகைப் பாகுபாட்டைச் சீர்திருத்தத் திருச்சபையினரும் ஏற்றுக்கொண்டனர்.

எனினும், மலைப்பொழிவு ஒழுக்க விதியையும் அதே நிலையில் விட்டுவைக்கவில்லை. கொலை செய்யாதிருத்தல் மாத்திரம் போதாது, சினமும் விலக்கற்பாலது; பிறர்மனை நயவாதிருத்தல் மாத்திரம் போதாது, நயக்கும் பார்வையும் விலக்கற்பாலது என்பது அதன் சாரம். இவ்வாறு விதி செயலினின்று உள்ளத்துக்குப் பெயர்ந்தமையின் விளைவு ஒன்றுண்டு. உள்ளத்தில் நிகழும் குற்றத்துக்குச் சாட்சி இல்லை. சாட்சி இல்லாத குற்றத்தை எந்த நீதிமன்றமும் விசாரித்தல் இயலாது. கிறித்தவ ஒழுக்கநெறி அரச சட்டமாவதில் உள்ள அடிப்படை இடர்ப்பாடு இதுவே.

தமிழில் இக்கற்பனைகள் அச்சேறிய காலமும் முந்தியதே. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் 1578இற் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கமும், 1579இற் கொச்சியில் அச்சிட்ட கிரீசித்தியானி வணக்கமும் ஞானோபதேச நூல்களாகும். 1580இல் வெளிவந்த கொம்பெசியொனாயரு பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டுவது. முத்துக்குளித்துறைப் பரதவருக்காக எழுந்த இந்நூல்களின் மரபில், விதி என்பது ஒருவன் தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் கருவியாக அமைந்தமை நோக்கற்பாலது. அங்கே நீதிபதியும் குற்றவாளியும் ஒருவனே. குருவானவர் சாட்சியாக இருந்து மன்னிப்பை உரைப்பவர்.

கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தத் திருச்சபையினருக்கும் கற்பனைகள் பத்தே எனினும் அவற்றை எண்ணும் முறை வேறு. விக்கிரகங்களைப் பற்றிய விலக்கைக் கத்தோலிக்கர் முதலாம் கற்பனையோடு சேர்த்தெண்ணி, பிறர்மனை விழைதலையும் பிறர்பொருள் விழைதலையும் இரு கற்பனைகளாகப் பிரிப்பர். சீர்திருத்தத் திருச்சபையினரோ விக்கிரக விலக்கை இரண்டாம் கற்பனையாகத் தனித்தெண்ணி, இறுதி இரண்டையும் ஒன்றாக்குவர். எண்ணிக்கையளவிற் சிறிதாகத் தோன்றும் இவ்வேற்றுமை ஒல்லாந்தர் காலக் கொழும்பிற் பெரியதாயிற்று. ஒரு சாரார்க்குப் புனிதரின் சுரூபம் பத்தியின் துணை. மறு சாரார்க்கு அது இரண்டாம் கற்பனையை மீறிய குற்றம்.

பிளக்காட்டுகளின் ஆட்சி

1656 மே மாதத்திற் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. அதற்கு முன்னர் போர்த்துக்கேயர் ஆட்சியிலே மதமும் அரசும் இணைந்தே இயங்கின. கோட்டை மன்னன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்றபின் கோயில் நிலங்கள் பிரான்சிஸ்கன் துறவியருக்கு வழங்கப்பட்டன. ஒல்லாந்தர் இவ்விணைப்பை நீக்கினாரல்லர். அதன் உள்ளடக்கத்தையே மாற்றினர். அவர்கள் திருச்சபையின் விசுவாச அறிக்கைகளுள் ஒன்றாகிய 1561ஆம் ஆண்டுப் பெல்சிய அறிக்கை, விக்கிரக வழிபாட்டை அகற்றுதலை ஆள்வோர் கடமைகளுள் ஒன்றாகக் கூறிற்று. ஆகவே வணிகக் கொம்பனியின் தேசாதிபதி சமயக் காவலருமானார்.

பிளக்காட்டு எனப்பட்ட அரச அறிவித்தல்கள் இக்கொள்கையின் கருவிகளாயின. கத்தோலிக்கக் குருமாருக்கு மறைவிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை என்று 1658ஆம் ஆண்டு அறிவித்தல் கூறிற்று. ஞானஸ்நானம் பெற்றோர் பழைய சமயச் சடங்குகளிற் கலந்துகொள்ளின் கசையடியும் ஓராண்டு விலங்குச் சிறையும் உண்டென 1711இல் விதிக்கப்பட்டது. 1715இற் கத்தோலிக்கரின் வழிபாட்டுக் கூட்டங்கள் தடைசெய்யப்பட்டன. பத்துக் கற்பனைகளுள் முதலிரண்டும் இவ்வாறு கொம்பனியின் குற்றவியற் சட்டமாயின.

இவ்விடத்து ஒரு முரண் குறிப்பிடத்தக்கது. ஒல்லாந்தத் திருச்சபை தன் பிள்ளைகளுக்குக் கற்பித்த 1563ஆம் ஆண்டு ஹைடல்பேர்க் ஞானோபதேசம் மூன்று பகுதிகளை உடையது. அவை மனிதனின் துயரம், அவன் மீட்பு, அவன் நன்றியறிதல் என்பன. பத்துக் கற்பனைகளின் விளக்கம் மூன்றாவதாகிய நன்றியறிதற் பகுதியிலேயே இடம்பெறுகின்றது. மீட்கப்பட்டவன் அச்சத்தாலன்றி நன்றியால் விதியைக் கைக்கொள்கின்றான் என்பதே அவ்வைப்புமுறையின் பொருள். நன்றியின் வெளிப்பாடு என்று தம் ஆலயத்திற் கற்பித்த அதே விதியைக் கரையோரக் கிராமங்களிற் கசையடிக்கு அஞ்சிக் கைக்கொள்ளுமாறு ஒல்லாந்தர் பணித்தனர். அவர்தம் ஆட்சியின் குறை அவர்தம் ஞானோபதேசத்தாலேயே அளந்தறியத் தக்கது.

சட்டம் எதனைக் கண்டது என்பதோடு எதனைக் காணவில்லை என்பதும் நோக்கற்பாலது. இன்று கொம்பனித்தெரு எனப்படும் பகுதியிற் கொம்பனியின் அடிமைகள் வைக்கப்பட்டிருந்தனர். ஆங்கிலத்தில் அப்பகுதி பெற்ற பெயர் அவ்வடிமை நிலைக்கு நெடுங்காலம் சான்றாய் நின்றது. சுரூபத்தைக் குற்றமெனக் கண்ட சட்டம் மனிதனை மனிதன் விலைக்குக் கொள்ளுதலைக் குற்றமெனக் காணவில்லை. அயலானை நேசித்தல் என்னும் தலையாய கற்பனை எந்தப் பிளக்காட்டிலும் இடம்பெறவில்லை, இடம்பெறவும் இயலாது. அடிமைமுறை இத்தீவிற் சட்டப்படி முற்றாக ஒழிந்தது ஆங்கிலேயர் ஆட்சியில், 1844ஆம் ஆண்டிலேயே.

தோம்பேட்டுக் கிறித்தவர்

தண்டனை ஒருபுறமிருக்க, மக்களைப் பெருமளவில் ஆலயத்துக்கு இட்டுச்சென்றது நன்மையை நாடிய கணக்கேயாகும். கிராமந்தோறும் அமைந்த பள்ளிக்கூடமே ஆலயமுமாயிருந்தது. பள்ளிக்கூட ஆசிரியர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததோடு, செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றை மனனஞ் செய்வித்தார். ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றைத் தோம்பிற் பதிந்தவரும் அவரே. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் இறுத்தனர். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்திற் பேணப்படும் பள்ளித் தோம்புகள் இம்முறையின் விரிவுக்குச் சான்று.

தோம்பிற் பெயரில்லாதவனுக்குச் சட்டத்தின் முன் இடமில்லை. முதலியார் முதலிய பதவிகளுக்கு ஞானஸ்நானம் வேண்டும். சீர்திருத்தத் திருச்சபை முறைப்படி பதிவுபெறாத விவாகம் விவாகமன்று. அதன்வழிப் பிறந்த பிள்ளையின் உரிமை ஐயத்துக்குரியது. ஆகவே வயலும் தோட்டமும் பிள்ளைகளுக்குச் சேரவேண்டுமென விரும்பிய தந்தை, சைவனாயினும் பௌத்தனாயினும் கத்தோலிக்கனாயினும், பள்ளிக்கூட ஆசிரியரின் தோம்பை நாடினான். அங்கே கற்பனைகளை ஒப்புவித்தான், பெயரைப் பதிந்தான், வீடு சென்று தன் முன்னோர் வழிபாட்டைத் தொடர்ந்தான். இதனை வெறும் பொய்ம்மை எனப் பழித்தல் வரலாற்றறிவன்று. விதியைப் பதிவாக மாற்றியது அரசு. பதிவைப் பதிவாகவே மக்கள் எடுத்துக்கொண்டனர்.

ஒல்லாந்தப் போதகர்கள் இதனை அறியாதிருந்தாரல்லர். ஞானஸ்நானம் பெற்றோர் பல்லாயிரவர், இராப்போசனத்துக்குத் தகுதி பெற்றோரோ மிகச் சிலர் என்னும் நிலை அவர்களை நெடுங்காலம் வருத்திற்று. அவர்களுட் சிலர் கல்வியாலும் மொழிப்பணியாலும் இக்குறையை நீக்க முயன்றனர். கொழும்பில் ஒரு செமினறியும், 1737 முதல் நூல்களை வெளியிட்ட ஓர் அச்சகமும் இயங்கின. கொழும்பிற் பிறந்த தமிழராகிய பிலிப்பு தெ மெல்லோ அத்திருச்சபையின் போதகராக உயர்ந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்த்தார். 1759இற் கொழும்பு அச்சகத்தில் வெளிவந்த அந்நூல், பிளக்காட்டுகள் காலாவதியானபின்னரும் தமிழ் விவிலிய வரலாற்றில் இடம்பெறுவதாயிற்று. சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்று நூலில் தெ மெல்லோவும் ஒருவராகப் போற்றப்பெற்றார்.

சமய விதியைச் சட்டமாக்கிய அதே கொம்பனி, சொத்துரிமையில் வேறுவழி சென்றமையும் ஒப்பிட்டு நோக்கத்தக்கது. தேசாதிபதி சைமன்ஸ் 1706இற் பணித்தவாறு யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் மக்கள் வழக்கங்களைத் திரட்டி 1707இல் அளித்த தொகுப்பே தேசவழமை. பன்னிரு முதலிமார் பரிசீலித்து உடன்பட்ட இத்தொகுப்பு முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பாகுபாட்டை உள்ளவாறே ஏற்றது. மக்கள் வாழ்வினின்று எழுந்த அச்சட்டம் ஆங்கிலேயரின் 1806ஆம் ஆண்டுப் பிரமாணத்தால் உறுதிபெற்று நிலைத்தது. மேலிருந்து சுமத்தப்பட்ட பிளக்காட்டுகளோ அதே 1806ஆம் ஆண்டில் வீழ்ந்தன.

தடுக்கப்பட்டோர் நெறி

சட்டத்தின் பாதுகாப்பு ஒரு நெறிக்கு யாது செய்தது என்பதைக் கண்டோம். சட்டத்தின் தடை மற்றொரு நெறிக்கு யாது செய்தது என்பதை அடுத்து நோக்குவோம். போர்த்துக்கேயர் நீங்கியபின் கத்தோலிக்கர் குருவானவரின்றி ஏறத்தாழ முப்பதாண்டுகள் வாழ நேர்ந்தது. ஆலயங்கள் பறிபோயின. எஞ்சியவை வீட்டுச் செபமும், மூப்பர், அண்ணாவியார் என்போரின் வழிநடத்தலுமே. மணவறையிலும் மரணப்படுக்கையிலும் செபஞ் சொல்லி, பிள்ளைகளுக்குக் கற்பனைகளைக் கற்பித்த இப்பொதுநிலையினரே அச்சமூகத்தின் தூண்களாயினர்.

1687இற் கோவையைச் சேர்ந்த யோசே வாஸ் அடிகளார் இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். சில்லாலை முதலிய ஊர்களில் மறைந்திருந்து பணியாற்றியபின், கண்டி இராச்சியத்துக்குச் சென்று, 1692இல் ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். அங்கிருந்து விடுபட்டபின் ஒல்லாந்தர் ஆணையிலிருந்த கொழும்புக்கும் மாறுவேடத்திற் சென்று மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். 1697இற் கண்டியில் வைசூரி பரவியபோது, நோயுற்றோரை உறவினரும் கைவிட்டகன்ற நிலையில், சமய வேறுபாடின்றி அவர்களுக்குப் பணிசெய்தவர் அவரே. பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவு அவருக்குக் கிட்டியமைக்கு இப்பணி முக்கிய காரணமாகும். 1711இல் அவர் கண்டியிற் காலமானார். 2015 சனவரி 14இற் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒழுக்கநெறி வரலாற்றில் வைசூரிக் காலத்துப் பணியின் சிறப்பு யாது? அயலானை நேசித்தல் என்னும் கற்பனையை அவர் எவருக்கும் விதிக்கவில்லை. தாம் செய்து காட்டினார். விதிப்பதற்கு அவரிடம் அதிகாரமும் இருந்ததில்லை. பின்வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் யாத்தார். அவர்தம் வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் மக்கள் கூடி ஓதும் நூலாயிற்று. அரச அச்சகம் ஒல்லாந்தத் திருச்சபையின் கையிலிருக்க, கத்தோலிக்கரின் நூல்கள் ஏட்டுச்சுவடிகளாகக் கைமாறிச் சென்றன. கொச்சிக்கடை அந்தோனியார் தலத்தின் தோற்றமும் மறைந்து வாழ்ந்த குருவானவர் ஒருவரைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதையோடு இணைந்துள்ளது. கடலரிப்புக்கு அஞ்சிய மீனவர் அவரிடம் செபிக்குமாறு வேண்டினர் என்றும், கடல் பின்வாங்கிற்று என்றும் அக்கதை கூறும். வரலாற்றுச் சான்றாக அதனைக் கொள்ளாவிடினும், தடைசெய்யப்பட்டவரிடம் மக்கள் வைத்த நம்பிக்கைக்கு அது சான்றாகும்.

சட்டம் நீங்கியபின்

1796 பெப்புருவரியிற் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. புதிய ஆட்சி தோம்பையும் பள்ளிக்கூடத்தையும் அதே ஊக்கத்தோடு நடத்த விரும்பவில்லை. ஒல்லாந்தர் ஆட்சி முடிவிற் சீர்திருத்தத் திருச்சபைக் கிறித்தவர் தொகை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டதென அக்காலக் கணக்குகள் கூறின. பதவிக்கும் உரிமைக்கும் ஞானஸ்நானம் வேண்டியதில்லை என்பது தெளிவானதும், சில ஆண்டுகளுக்குள் அத்தொகையின் பெரும்பகுதி மறைந்தது. சிவன் கோயில்களும் பௌத்த விகாரைகளும் மீண்டெழுந்தன. எவரும் எவரையும் துன்புறுத்தாமலே நிகழ்ந்த இம்மாற்றம் அந்நூற்றுநாற்பது ஆண்டுகளின் மெய்யான மதிப்பீடாகும்.

மறுபுறம், தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் 1806 மே 27இற் பிறப்பித்த பிரமாணம் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கிற்று. பிரித்தானியாவிலேயே கத்தோலிக்கர் அரசியலுரிமை பெற்றது 1829இல் என்பதை நோக்கின், இப்பிரமாணத்தின் முன்னோக்கு விளங்கும். தடை நீங்கியபோது கத்தோலிக்கம் கரையவில்லை, வளர்ந்தது. சலுகை பெற்ற திருச்சபை சலுகையோடு சுருங்க, தண்டிக்கப்பட்ட திருச்சபை தண்டனையைக் கடந்து நின்றது.

கட்டாயம் நீங்கிய சூழலிலேதான் சமய விதிகளைப் பற்றிய அறிவு விவாதமும் தழைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிசனரிமார் சைவச் சடங்குகளைச் சாடியபோது ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் இவ்வகையிற் கவனத்துக்குரியது. பீற்றர் பேர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த நாவலர், பழைய ஏற்பாட்டின் ஆலயம், பலி, தீபம், தூபம், தூய்மை விதிகள் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, சடங்கு இறைவனுக்கு உவப்பன்று என விவிலியத்தைக் கொண்டே கூறுதல் பொருந்தாது என வாதிட்டார். சடங்கு விதி கழிந்தது என்பது மிசனரிமாரின் மறுமொழி. எருசலேமிற் பேசப்பட்ட பழைய வினா யாழ்ப்பாணத்துத் தமிழில் மீண்டும் ஒலித்தது. முன்னைய நூற்றாண்டிற் கசையடியாக இருந்த விடயம் இப்போது நூலும் மறுப்பு நூலுமாயிற்று என்பதே முன்னேற்றம்.

புதுக்கடைக்குச் சென்ற விவாக விதி

எனினும், ஒல்லாந்தர் சட்டமாக்கிய கிறித்தவ நெறி அனைத்தும் அவர்களோடு மறைந்தது எனக் கூறுதல் பொருந்தாது. 1799 செப்தெம்பர் 23ஆம் நாட் பிரகடனம் ஒல்லாந்தர் காலச் சட்டங்கள் தொடருமென்று கூறிற்று. அதன்வழி உரோம ஒல்லாந்தச் சட்டம் இலங்கையின் பொதுச்சட்டமாயிற்று. அச்சட்டத்தின் விவாகப் பகுதியிற் கிறித்தவ ஒழுக்கப் போதனை ஒன்று ஆழப்பதிந்திருந்தது.

விவாக முறிவு பற்றிய இயேசுவின் போதனையை இரு திருச்சபைகளும் இருவகையாகப் பொருள்கொண்டன. முறைப்படி நிறைவேறிய விவாகத்தை மனிதர் முறிக்க இயலாது என்பது கத்தோலிக்கக் கொள்கை. மத்தேயு நற்செய்தியில் உள்ள விதிவிலக்கையும் பவுலடியாரின் கடிதத்தில் உள்ள ஒரு குறிப்பையும் கொண்டு, சோரத்துக்காகவும் கைவிட்டுச் செல்லலுக்காகவும் குற்றமற்றவர் விவாகரத்துப் பெறலாம் என்பது சீர்திருத்தத் திருச்சபையின் கொள்கை. ஒல்லாந்த மாகாணத்தின் 1580ஆம் ஆண்டு அரசியற் கட்டளை விவாகத்துக்கு முன் மும்முறை அறிவித்தலையும் பதிவையும் விதித்தது. தமிழ்க் கிறித்தவர் வழக்கில் ஓலை வாசித்தல் எனப்படும் முறையோடு ஒத்தது அது. இவ்விதிகள் கொம்பனியின் கப்பல்களிற் கொழும்பை அடைந்தன.

இலங்கையின் 1907ஆம் ஆண்டு 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு வகுத்த காரணங்கள் மூன்று. விவாகத்தின் பின்னான சோரம், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், விவாக வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது அதனையொத்த குறை என்பன அவை. முதலிரண்டும் விவிலியத்தைச் சீர்திருத்தத் திருச்சபை வாசித்த முறையின் வழிவந்தவை. மூன்றாவது பழைய திருச்சபைச் சட்டத்தின் எச்சம். முஸ்லிம்களுக்கும் கண்டியச் சட்டத்தை மேற்கொள்வோர்க்கும் தனிச்சட்டங்கள் உண்டு. ஏனையோர் அனைவர்க்கும் இப்பொதுச்சட்டமே உரியது. ஆகவே கொட்டாஞ்சேனையிற் பீடத்தின் முன் மோதிரம் மாற்றும் கிறித்தவரும், வெள்ளவத்தையில் மணவறையிற் தாலி கட்டும் சைவரும், களுபோவிலையிற் போருவ மேடையில் மணம்புரியும் கரையோரச் சிங்களப் பௌத்தரும் பிரிவை நாடின் ஒரே சட்டத்தின் முன்னேயே நிற்பர்.

இங்கும் பழைய சிக்கல் புதிய உருவில் எழுந்தது. பொதுச்சட்டப்படி கிறித்தவ முறையில் மணம்புரிந்த ஒருவர், அம்மணம் நிலைத்திருக்கையில் இசுலாத்தைத் தழுவி இரண்டாம் மணம் செய்தல் குற்றமா என்னும் வழக்கில், குற்றமன்று என 1965இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. மதம் மாறும் உரிமையே அத்தீர்ப்பின் அடிப்படை. 1990களின் இறுதியில் இலங்கை உயர் நீதிமன்றம் மற்றொரு வழக்கில் இந்நிலையை மாற்றிற்று. ஒருதார மணத்தை ஏற்று மணந்தவர், மதம் மாறினும், முதல் மணத்தின் கடப்பாட்டினின்று தாமாகவே விலக முடியாது என்பது அதன் தீர்ப்பு. பின்னைய தீர்ப்பு எந்த மதத்தையும் குறைகூறியதன்று. கொடுத்த வாக்குக்கும், கைவிடப்படும் மனைவியின் உரிமைக்கும் அளித்த காப்பாகும். தோம்புக் காலத்தில் மதமாற்றம் சொத்துரிமைக்கு வழியாயிற்று. பிற்காலத்தில் அது கடமையினின்று தப்பும் வழியாகலாகாது என நீதிமன்றம் கண்டது.

விவாக விதி நிலைத்தமைக்கும் ஏனைய பிளக்காட்டுகள் மறைந்தமைக்கும் காரணம் யாது? விவாக விதி எவரது நம்பிக்கையையும் சோதிக்கவில்லை; ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும் தீங்கையே நோக்கிற்று. துணையை ஏமாற்றுதலும் கைவிடுதலும் எம்மதத்தார்க்கும் தீங்கே. சமயத்தினின்று பிறந்தும் சமயத்தைக் கேளாது இயங்கக்கூடிய விதியே சட்டமாக நிலைக்கும் என்பது இதனாற் பெறப்படும். அதே வேளை, நிலைத்த விதியெல்லாம் குறைவற்றது எனவுங் கொள்ளலாகாது. ஒருவர் குற்றத்தை மற்றவர் நிறுவினாலன்றி மணமுறிவு இல்லை என்னும் ஏற்பாடு, இணங்கி வாழ இயலாதோரையும் குற்றஞ்சாட்ட வைக்கின்றது என்பது சட்ட அறிஞரின் நெடுநாட் கண்டனம். பதினாறாம் நூற்றாண்டின் வேத விளக்கம் சட்டமாக உறைந்துவிட்டதன் விளைவு இது.

இரண்டு உயிர்த்த ஞாயிறுகள்

அரசு சமயத்திலிருந்து விலகி நிற்கும்போது ஒழுக்கநெறியின் பொறுப்பு நம்பிக்கையாளர்மீதே விழுகின்றது. கொட்டாஞ்சேனை இதனை இருமுறை கண்டது. இரண்டும் உயிர்த்த ஞாயிறுகளே. 1883 மார்ச்சு 25இல், மிகெட்டுவத்தை குணானந்த தேரரின் விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் கூட்டம் தாக்கிற்று. தம் முன்னோர் தடைசெய்யப்பட்ட வழிபாட்டுக்காகப் பட்ட துயரை அக்கூட்டம் மறந்தது. அக்கலவரத்தைத் தொடர்ந்த முறையீடுகளின் பயனாகவே 1885இல் வெசாக் நாள் பொது விடுமுறையாயிற்று. பகைவரை நேசித்தல் என்னும் போதனை ஆலயத்துள் ஓதப்பட்டும் வீதியிற் கைக்கொள்ளப்படாத நாளாக அது வரலாற்றில் நின்றது.

2019 ஏப்பிரில் 21இற் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்புக்கு அண்மையில் கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பிலும் வழிபாட்டுக்குக் கூடியோர் குண்டுகளுக்கு இரையாயினர். விடுதிகளிலும் தாக்குதல்கள் நிகழ்ந்தன. இறந்தோர் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர். அவ்வேளை கத்தோலிக்கத் திருச்சபைத் தலைமை பழிவாங்கலில் இறங்கலாகாதென்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டது. முஸ்லிம்கள்மீது பிற இடங்களில் வன்முறை நிகழ்ந்தபோதும் அவ்வேண்டுகோள் மீண்டும் ஒலித்தது. அதே வேளை நீதி வேண்டும் என்பதை அது கைவிடவில்லை. பாதிக்கப்பட்டோரும் குருமாரும் உள்ளிட்டோர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், முன்னறிவித்தல் கிடைத்தும் கடமை தவறிய முன்னாட் சனாதிபதியும் அதிகாரிகளும் நட்டஈடு வழங்க வேண்டுமென 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

மன்னிப்பும் நீதியும் இங்கே ஒன்றையொன்று விலக்கவில்லை. மன்னிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட இயலாது. மன்னித்தோம் என்பதற்காகக் கடமை தவறியோரை நீதிமன்றம் விடுவிக்கவும் இயலாது. முன்னையது கற்பனையின் ஆட்சி, பின்னையது கட்டளையின் ஆட்சி. பலரை இழந்த குடும்பங்களுக்கு இவ்விரண்டும் வேண்டியிருந்தன. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பவில்லை.

இதுகாறும் நோக்கியவற்றாற் சில முடிவுகள் பெறப்படும். ஒல்லாந்தர் தம் சமய விதிகளைச் சட்டமாக்கியபோது பெயர்களைப் பெற்றனர், உள்ளங்களைப் பெற்றிலர். அச்சட்டத்தால் ஒடுக்கப்பட்டோர் அதிகாரமின்றியே தம் நெறியைக் காத்தனர். ஆயினும் ஒடுக்கப்பட்ட நினைவு மாத்திரம் அவர்களை நல்லோராக்கவில்லை என்பதை 1883 காட்டிற்று. சமய நெறியினின்று பிறந்த விதிகளுட் பிறர்க்குச் செய்யும் தீங்கைத் தடுப்பன மாத்திரமே அனைவர்க்கும் பொதுவான சட்டமாக நிலைத்தன. பல சமயத்தார் ஒரு நகரில் வாழும் நாட்டில், எந்தச் சமயத்தின் நெறியையும் அரசின் கையிற் கொடுக்க விரும்புவோர் அந்நெறிக்கே தீங்கு செய்கின்றனர். அரசு எழுதிவைக்கும் தோம்பில் அது நெடுங்காலம் இருக்கலாம். ஏட்டை மூடிய அன்றே அது மறைந்துவிடும்.